பூசணம் சுருக்கிடக் கற்ற கதை

ஆடும் புழுவும் மண்ணும் ஒரே மொழியில் வழக்காடிய அந்தக் காலத்தில், ஒரு மேய்ச்சல் காட்டில் கருங்காதி என்றொரு செம்மறி இருந்தாள். இரண்டு ஈற்றுக் குட்டிகளைக் குடற்புழுவுக்குப் பறிகொடுத்தவள். மூன்றாவது ஈற்றுக் குட்டிக்கு இப்போதுதான் புல் கடிக்கும் பருவம்.

புழுக்கள் அவள் குடலில் முட்டையிடும். முட்டைகள் புழுக்கையோடு தரையில் விழும். பொரிந்த குஞ்சுகள் பனி ஈரத்தைப் பற்றிப் புல்நுனி ஏறி, அடுத்த வாய்க்காகக் காத்திருக்கும்.

"பெரியம்மா, குட்டியை இந்தப் பக்கம் அனுப்புங்கள். அவன் வயிறுதானே எங்களுக்குப் புகுந்த வீடு?" என்றது நுனியில் ஆடிய ஒரு புழு.

கருங்காதி குட்டியை மறுபக்கம் ஒதுக்கினாள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் படர்ந்து, பசியோடு கிடந்த பூசணத்திடம் போனாள்.

"புழு தின்பாயா?"

"கிடைத்தால் தின்பேன். நான் ஊர்ந்து புழுக்கையைச் சேர்வதற்குள் அவை புல் ஏறிவிடுகின்றன. என் நடை உனக்குத் தெரியாததா, அக்கா?"

"நடக்க வேண்டாம். என் வயிற்றில் ஏறிக்கொள்."

"நான்கு அறை கொண்ட வயிறு. போனவர் எவரும் போனபடி திரும்பியதில்லை."

"உன் வித்துக்குத் தோல் கெட்டி. திரும்பும்."

பூசணம் யோசித்தது. "ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே காற்றில்லை, நான் முளைக்க முடியாது. உன் குடலில் இருப்பவற்றைத் தொட மாட்டேன். வெளியே பொரிப்பவை மட்டுமே என் பங்கு."

"எனக்காகக் கேட்கவில்லை" என்ற கருங்காதி, புல்லோடு மண்ணையும் சேர்த்துக் கடித்து விழுங்கினாள்.

மறுநாள் புழுக்கையில் பூசணம் முளைத்தது. ஆனால் அதன் நூல்களெல்லாம் நேர்நூல்கள். புழுக்கள் அவற்றின் மேல் வழுக்கிச் சென்றன. "ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள், வாருங்கள்" என்று ஒன்றையொன்று அழைத்தன.

"தோற்றேன், அக்கா."

கருங்காதி கழுத்தைத் தாழ்த்தினாள். அங்கே மயிர் தேய்ந்து ஒரு வளையம் தெரிந்தது. "இது கயிறு தின்ற இடம். ஒரு பருவம் முழுக்க முளைக்குச்சியில் கட்டுண்டு கிடந்தேன். சுருக்கு யாரையும் துரத்துவதில்லை. ஓடப் பார்ப்பவரே அதை இறுக்கிக்கொள்வார். நூலை வளைத்து வை. பிறகு சும்மா இரு."

பூசணம் வளைத்து வைத்தது. விடியலில், புல்நுனியிலிருந்து ஊஞ்சலாட இறங்கி வந்த அதே புழு தலையை நுழைத்தது, இழுத்தது, மேலும் இழுத்தது.

"பெரியம்மா, இதைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள்."

"எனக்கே அவிழ்க்கத் தெரிந்ததில்லை, அப்பா."

குட்டி அந்தப் பருவத்தில் நோயின்றி வளர்ந்தான். குடலில் தங்கிவிட்ட புழுக்களால் கருங்காதிக்கு வந்த தாடை வீக்கம் மட்டும் வடியவில்லை. விழுங்கிய வித்து புழுக்கையோடு வெளியேறிவிடுவதால், அவள் நாள் தவறாமல் மண் கடித்தாள். முதல் மழைக்கு முன்பு படுத்தவள் எழவில்லை. காரணம் ஏதும் அறியாத குட்டி, தாய் கடித்தது போலவே வாயை மண்ணில் பதித்துக் கடித்தான்.

அன்று முதல்தான் செம்மறி தரையோடு ஒட்டி மேய்கிறது. பூசணமும் புழுக்கைக்குள் சுருக்கை விரித்துவிட்டுச் சும்மா இருக்கிறது.