வாயில் கொழுக்கட்டை வந்த கதை

பேசாமல் நிற்பவனைப் பார்த்து, "உன் நாக்கைப் பூனை கொண்டுபோய்விட்டதா?" என்று இங்கிலீஷ்காரர்கள் கேட்பார்களாம். நாம், "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்போம். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறோம். அது பிறந்த கதையில் சிரிக்க ஒன்றுமில்லை, கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், ஊரைவிடக் காடு பெரிதாக இருந்த காலத்தில், காரைமலை என்று ஒரு நாடு. அதன் அரசனுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவனிடம் மூன்று முறை கேட்பான். பதில் வராவிட்டால் கழுமரம்.

மந்திரி சூலதத்தன் ரகசியமாக மந்திரவாதம் செய்கிறவன். அவன் செய்த கொலைகளுக்கு வேறு யாராவது பிடிபடுவார்கள். விசாரணைக்கு முன் அவர்கள் கையில் பிள்ளையார் கோயில் கொழுக்கட்டை ஒன்றை வைப்பான். பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள்? கண்ணில் ஒற்றி வாயில் போட்டதும் மந்திரம் பிடித்துக்கொள்ளும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

ஆட்டுக்காரன் அப்படித்தான் செத்தான். நெசவுக்காரன் அப்படித்தான் செத்தான். மூன்றாவதாக விறகுவெட்டி கொண்டையனை இழுத்து வந்தார்கள். "கொன்றது நீயா?" என்று அரசன் ஒரு முறை கேட்டான். இரண்டாம் முறையும் கேட்டான். கொண்டையன் கண்ணில் நீர் வழிந்ததே தவிர வார்த்தை வரவில்லை.

அவன் மகள் சிலம்பாயி அப்பனின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். மந்திரி கையில் இருந்த பிரசாதத் தட்டையும் பார்த்தாள். புரிந்துவிட்டது. பேச முன்னால் வந்தவளுக்கும் மந்திரி ஒன்றை நீட்டினான். இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பெரியவங்க நீங்க மொதல்ல சாப்பிடுங்கய்யா," என்று அதை அவனிடமே நீட்டினாள். "சாமி பிரசாதத்த வேணாம்னு சொல்லுவீங்களா?"

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்க்கும் மந்திரத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயில் போட்டான். மந்திரம் சொல்லவும் வாய் வேண்டுமே, அந்த மகா புத்திசாலிக்கு அது தோன்றவில்லை.

"கொன்னது இவருதான், ராசா. கேட்டுப் பாருங்க," என்றாள்.

அரசன் மூன்று முறை கேட்டான். பதில் இல்லை. மந்திரியைக் கழுவில் ஏற்றினார்கள். அவன் உயிர் போனதும் கொண்டையன் வாயில் இருந்தது வெறும் மாவாகக் கரைந்தது.

அரசன் அவனுக்கு நிலமும் வீடும் தருவதாகச் சொன்னான். கொண்டையன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ஆட்டுக்காரனும் நெசவுக்காரனும் பேசத்தான் பாத்தாங்க, ராசா. அவங்க கண்ணுல தண்ணி வந்தத நீங்க பாக்கலியா?"

ஒரு முறை கேட்டான். இரண்டாம் முறையும் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். அரசன் வாயில் ஒன்றுமே இல்லை. பதிலும் வரவில்லை.