மகன் பேரில் ஒரு லைன் வீடு

அமாவாசையன்று காலையில் சென்னியப்பன் மடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டார். பாதி முற்றம் வந்த பிறகுதான் காலைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, எந்தக் கூட்டத்திலும் சில்லறை தவறவிடாத மனிதர். ஒரு வாரமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

காவிரிக் கரையில் இருந்த அந்த மடத்தை மரகதம்மா நடத்திவந்தார். முன்னே ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். சென்னியப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் அம்மாதான். அவரும் தன்னைவிட மூத்தவர்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் உபதேசம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெங்காயம் உரித்துவிட்டுத் திரும்புவார்கள். சென்னியப்பனும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அமாவாசை தவறாமல் வந்து உரித்துக்கொண்டிருந்தார்.

சமையல்கட்டில் அம்மா பருப்புக் களைந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சங்கதி கேக்கோணுமுங்க."

"கேளுங்கண்ணா."

சென்னியப்பன் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். பெருந்துறைப் பக்கம் ஒரு லைன் வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக நாலு வீடு, நாலிலும் மில் வேலைக்குப் போகிற குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் அதில்தான் போகிறது. நாளைக்குப் பதிவு. மகன் பூபதி பேரில் வாங்குவதாக ஏற்பாடு.

அதற்குக் காரணம் இருந்தது. பூபதிக்கு ஓசூரில் நல்ல வேலை, வயது முப்பதை நெருங்குகிறது. பெண் கேட்டுப் போகிற வீட்டிலெல்லாம் காபி வருவதற்கு முன்னாலேயே, பையன் பேரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுகிறார்கள். அப்பன் பேரில் இருப்பதைச் சொன்னால் மரியாதையாகச் சிரித்துவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வந்த வரனெல்லாம் இப்படியே கை நழுவிப் போயின.

"அப்பப் பையன் பேர்லயே வாங்குங்க" என்றார் அம்மா.

"வாங்கீரலாமுங்க. ஆனா பயமா இருக்குதுங்க."

பயத்துக்கும் காரணம் இருந்தது. அவர் தெருவில் நாட்ராயன் என்றொருவர் இருந்தார். வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மகள் வீட்டு வராந்தாவில் படுத்துக்கிடக்கிறார். அதே கதி தனக்கும் மனைவி ராமாத்தாளுக்கும் வந்தால் என்ன செய்வது? பூபதி நல்ல பிள்ளைதான். ஆனால் வரப்போகிறவள் எப்படியோ? இன்னும் யாரென்றே தெரியாத அந்த மருமகளோடு சென்னியப்பன் ஒரு வாரமாக மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள்தான் ஜெயித்தாள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கிரயப் பத்திரம் பதிந்த கையோடு பூபதியிடம் ஒரு பவர் பத்திரமும் எழுதி வாங்கிக்கொள்வது. வாடகை வாங்க, குடியிருக்கிறவர்களை மாற்ற, வேண்டுமானால் வீட்டை விற்கக்கூட எல்லா அதிகாரமும் அப்பனுக்கே. பிள்ளைக்கு இதை இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு இரண்டு மூன்று கையெழுத்து இருக்கும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். இதில் பத்திரம் எழுதுகிறவர் வேறு, பவரைப் பையன் நினைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் அன்றோடு போய்விட்டது.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அவருக்குப் பதில் சொல்லோணுமுங்க. பவர் எழுதி வாங்கட்டுங்களா, வேண்டாமுங்களா? அதை மட்டும் சொல்லீருங்கம்மா."

அம்மா களைந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு வந்தார். பெரிய கரண்டியை எடுத்து சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

"இன்னிக்குச் சாம்பார் உங்க பொறுப்புங்கண்ணா. முழுசா நீங்கதான்."

சென்னியப்பனுக்கு ஒரு கணம் லைன் வீடே மறந்துவிட்டது. அமாவாசைப் பந்தியில் இருநூறு பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். அத்தனை பேருக்கும் சாம்பார் வைக்கிற அண்டாவை அம்மாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஒரு நாளாவது தன்னிடம் தரமாட்டாரா என்று அவர் உள்ளூர ஏங்கியது உண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அடுப்பில் இரண்டு விறகு வைத்தார். அம்மா வந்து ஒன்றை வெளியே இழுத்தார். பூசணிக்காயைப் பெரிதாக நறுக்கச் சொன்னார் சென்னியப்பன். அம்மா நறுக்குகிறவரிடம் போய்ச் சின்னதாகவே இருக்கட்டும் என்றார். புளி கரைத்தபோது பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள் போட்டாயிற்றா என்று கேட்டார், போட்டாயிற்று என்ற பிறகும் இன்னொரு சிட்டிகை போட்டார். அண்டாவில் சென்னியப்பன் கரண்டியை விட்டபோது, அம்மாவும் இன்னொரு கரண்டியோடு பக்கத்தில் நின்று கிளறினார்.

சென்னியப்பனுக்குக் காது மடல் சூடானது. அம்மாவிடம் கோபப்படலாமா? படக் கூடாதுதான். ஆனால் வந்துவிட்டது.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. பொறுப்பு என்னுதுன்னு சொல்லிப்போட்டு இப்பிடிக் கூடவே நின்னீங்கன்னா, நான் இங்க எதுக்குங்க? பேருக்குங்களா?"

சமையல்கட்டில் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"செரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டார்.

பிறகு அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சென்னியப்பனுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே கலக்கமாகிவிட்டது. பருப்பு வெந்ததா, வேகவில்லையா? கேட்கலாம் என்று திரும்பினால் கேட்க ஆள் இல்லை. தானாகவே முடிவு செய்து காயைப் போட்டார், புளியை ஊற்றினார், உப்பைப் போட்டார்.

அப்போது பூபதி போன் செய்தான்.

நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டான். பத்து மணி என்றார். பிறகு, போன வாரம் தான் மட்டும் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். சென்னியப்பனுக்குத் திக்கென்றது. தன்னைக் கேட்காமல் எதற்குப் போனான்?

"நாலு குடும்பத்துக்கும் ஒரே பாத்ரூம்தானுங்கப்பா இருக்குது. காலைல பொம்பளைங்க வரிசைல நிக்கறாங்க. வாங்குனதும் மொதல்ல இன்னொண்ணு கட்டிக் குடுத்தரலாமுங்களா?"

"பாத்துக்கலாம்" என்றார் சென்னியப்பன். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

போனை வைத்தார். இன்னும் பத்திரமே பதியவில்லை, அதற்குள் கட்டிடம் கட்ட ஆரம்பித்துவிட்டான். நாளைக்கு நாலு வீட்டையும் இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்பான். நாளன்னைக்கு வந்தவள் பேச்சைக் கேட்டு விற்கலாம் என்பான். ராமாத்தாளை அழைத்துக்கொண்டு எந்த வராந்தாவுக்குப் போவது? இப்படியே யோசித்துக்கொண்டு உப்புச் சட்டியை எடுத்தார். இருநூறு பேருக்கான உப்பை அளந்து, முன்பு போட்டது ஞாபகமில்லாமல் மறுபடியும் அண்டாவில் போட்டுக் கலக்கிவிட்டார்.

பந்தி உட்கார்ந்தது. முதல் வாய் வைத்ததுமே நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். மோர்ச் சோற்றுக்கு அடிதடியாக இருந்தது. சென்னியப்பன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

கடைசிப் பந்தியில் மரகதம்மா வந்து உட்கார்ந்தார். மோர் இன்னும் மிச்சமிருந்தது. அவர் மோர் கேட்கவில்லை. சோற்றில் குழி பண்ணிக்கொண்டு சாம்பாருக்காகக் காத்திருந்தார். சென்னியப்பன் கால் கரண்டி ஊற்றினார்.

"நல்லா ஊத்துங்கண்ணா."

ஊற்றினார். அம்மா முகம் சுளிக்காமல் பிசைந்து சாப்பிட்டார். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவிவிட்டு அவர் வந்தபோது சென்னியப்பன் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"உப்பு ரெண்டு தடவ போட்டுட்டனுங்கம்மா. எத்தனை பேரு பசியோட போறாங்க. நீங்களே நின்னு பாத்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுங்க."

"ஆமாங்கண்ணா, ஆயிருக்காது."

"இந்தக் கரண்டியை நீங்களே வெச்சுக்குங்க."

அம்மா அதை வாங்கிக் கழுவினார். முந்தானையில் துடைத்து, மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தார்.

"அடுத்த அமாவாசைக்கும் நீங்கதானுங்கண்ணா."

சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. பத்திரம் எழுதுகிறவர்தான். மத்தியானம் தாண்டிவிட்டதே, பவரையும் சேர்த்து அடித்துவிடட்டுமா என்று கேட்டார்.

சென்னியப்பன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார். அம்மாவைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"இது ஒரு வேளைச் சோறுங்கம்மா. அது என் ஆயுசுச் சம்பாத்தியம். அவன் கெடுத்துப்போட்டான்னா?"

மரகதம்மா அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"அந்தச் சாம்பாரைச் சாப்புட்டுட்டுத்தானுங்கண்ணா உங்களையே மறுபடியும் சொன்னேன்."