அறுபது பேரிங்

இது நான் நேரில் பார்த்தது இல்லை. எங்கள் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் சுகந்தி அக்கா சொன்னது. அவரும் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். மீதியைக் குழந்தைவேல் வாயால் கேட்டாராம். நான் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். ஓர் இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதை மட்டும் பிறகு தேடிப் பார்த்தேன்.

கம்பெனி கோயம்புத்தூரை ஒட்டி இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார் பம்ப் செய்கிறோம்.

குழந்தைவேல் இருபத்திரண்டு வருடம் ஸ்டோரில் இருந்தவர். எந்த அலமாரியில் எது எத்தனை இருக்கிறது என்று எழுந்து போகாமலே சொல்வார். புது சாஃப்ட்வேர் வந்ததும் ஸ்டோரை வெளி ஒப்பந்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மூன்று மாதம் திட்டப் பிரிவில் உட்காருங்கள், பார்க்கலாம் என்றார்கள். பொருள் இல்லாமல் பம்ப் பொருத்தும் லைன் ஒரு ஷிஃப்ட் நின்றாலும் அத்தோடு முடிந்தது என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். திரும்பிப் போக ஸ்டோர் வேலையும் இல்லை.

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஷமீமா. திட்டப் பிரிவின் தலைவர். முப்பத்தொரு வயது. நான்கு பேர் முன்னால் அவரைக் குழந்தைவேல் 'மேடம்' என்பார். மற்ற நேரத்தில் 'அம்மணி'. ஷமீமா எப்போதும் 'அண்ணா' என்றுதான்.

வந்திருக்கும் ஆர்டர், கையில் இருக்கும் பொருள், ஒரு பொருள் வந்து சேர ஆகும் நாள், இந்த மூன்றையும் வைத்து சாஃப்ட்வேர் ஒரு கணக்குப் போடும். எதை, எத்தனை, எந்தத் தேதிக்கு வாங்க வேண்டும் என்று சொல்லும். அதற்கு 'ரன்' என்று பெயர். காலை ஏழு மணிக்குத் தானாக ஒரு முறை ஓடும். வேண்டுமென்றால் கையாலும் ஓட்டலாம். ஓடி முடிந்ததும் சப்ளையர்களுக்குத் தானாகவே மெயில் போகும். முன்னால் கொடு. தள்ளிக் கொடு. வேண்டாம்.

குழந்தைவேல் கையால் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

விற்பனைப் பிரிவில் ஓர் ஆர்டர் அசைந்தால் ஓட்டினார். எதுவும் அசையாவிட்டால், நமக்குத் தெரியாமல் அசைந்திருக்குமோ என்று ஓட்டினார். சாப்பிடப் போகும் முன் ஒன்று. கை கழுவிவிட்டு வந்து ஒன்று. "ஏனுங்ணா, அதென்ன மாவு மில்லா? நிக்காம ஓடுதே," என்று சுகந்தி அக்கா ஒரு நாள் கேட்டிருக்கிறார். குழந்தைவேல் சிரிக்கவில்லையாம். திரையைப் பார்த்தபடியே இருந்தாராம்.

மூன்று மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. அன்று புதன்கிழமை. அவர் ஷமீமாவின் மேசைக்குப் போனார்.

"அம்மணி, ஒரு பொருளை எவ்வளவு கையில வெச்சிருந்தா பயமில்லாம இருக்கலாமுங்க?"

ஷமீமா திரும்பவில்லை.

"இன்னைக்கு எத்தனை ரன் ஓட்டுனீங்கண்ணா?"

"ஆறுங்க."

"மணி என்ன?"

"பதினொன்னே கால்."

ஷமீமா தன் வேலையைத் தொடர்ந்தார். குழந்தைவேல் தன் இடத்துக்கு வந்து ஏழாவது ரன்னை ஓட்டினார்.

மறுநாள் காலை ஓர் ஆர்டர் உறுதியானது. ஒரு நகராட்சியின் குடிநீர்த் திட்டத்துக்கு அறுபது பம்ப். கோடை. அடுத்த புதன்கிழமை லைனில் அவைதான் ஓட வேண்டும். பம்ப் ஒன்றுக்கு ஒரு த்ரஸ்ட் பேரிங் தேவை. உள்ளே சுழலும் பாகத்தின் எடை முழுவதையும் தாங்கும் வட்டு அது. அது இல்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

கையிருப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

பேரிங் தருபவர் திருமூர்த்தி. கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் நான்கு லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறார். குழந்தைவேல் ரன்னை ஓட்டினார். மெயில் போனது. பதில் இல்லை. மறுபடி ஓட்டினார். போன் செய்தார், எடுக்கவில்லை. சுகந்தி அக்காவைச் செய்யச் சொன்னார், அதையும் எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு ஷமீமாவிடம் போய், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்றார்.

ஷமீமா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாங்கண்ணா."

கேட்டில் இருந்த செக்யூரிட்டி, பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைவேலைப் பார்த்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேடம் வேகம் ஜாஸ்தியாம். குழந்தைவேல் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் போன் இருந்தது.

பட்டறையில் திருமூர்த்தி லேத்தை நிறுத்தினார். துணியில் கையைத் துடைத்தார். வாங்க என்றார். ஸ்டூல் போட்டார். குழந்தைவேலை இருபது வருடமாகத் தெரியும் அவருக்கு.

"ஸ்டோர்ல இருந்தப்ப நல்லாத்தான இருந்தீங்க," என்றார்.

பிறகு தன் போனைத் திறந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் அந்த ஒரு பேரிங்குக்கு மட்டும் ஐம்பத்தொரு மெயில். ஒரே நாளில் வந்தவற்றை விரலால் காட்டினார். ஒன்பது பத்துக்கு, முப்பது வேண்டும், பதினெட்டாம் தேதி. பத்து இருபத்தைந்துக்கு, முப்பது வேண்டாம், இருபது போதும், இருபத்தைந்தாம் தேதி. பதினொன்று நாற்பதுக்கு, எதுவும் வேண்டாம். மூன்று மணிக்கு, நாற்பது, உடனே.

முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஓடினாராம். ஒரே நாளில் இரண்டு முறை லேத் செட்டிங்கைப் பிரித்துப் போட்டாராம். அப்புறம் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"படிக்காமயா இத்தனை நாள் தேதிக்குக் குடுத்தீங்க?" என்றார் குழந்தைவேல்.

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி கேன்டீன் மாஸ்டர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். வியாழக்கிழமை காலையில் அவருக்குப் போன் போடுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்பார். நாற்பது பேர் என்றால் ஓவர்டைம் இருக்கிறது, லைன் ஓடும், பேரிங் தீரும். அன்றே கடைசலை ஆரம்பித்துவிடுவார்.

"உங்க மெயிலை விட அரிசி சரியாச் சொல்லுதுங்க."

"இந்த வாரம் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார் ஷமீமா.

"வர்ற ஞாயித்துக்கிழமை அடுப்பே பத்த வைக்கறதில்லையாமா. சரின்னு வேற கம்பெனி வேலையை லேத்துல ஏத்திட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஏன் ஓவர்டைம் போடவில்லை என்பது குழந்தைவேலுக்குத் தெரியும். பேரிங் இல்லை என்று அவர்தான் லைனுக்குச் சொல்லியிருந்தார்.

பேரிங் கடைய வேண்டிய வார்ப்பு கையில் இருக்கிறது என்றார் திருமூர்த்தி. ஏற்றியிருக்கும் வேலையை இறக்க அரை நாள். இதை ஏற்ற அரை நாள். செவ்வாய்க்கிழமைக்குள் அறுபது முடியும். ஆனால் அந்தக் கம்பெனிக்காரனிடம் நான்தான் ஏச்சு வாங்க வேண்டும்.

"வாங்கிக்கறேன். அது பரவால்ல. ஆனா எந்த வார்த்தைக்கு இறக்கறதுங்க? ஒன்பது பத்து வார்த்தைக்கா, பதினொன்னு நாப்பது வார்த்தைக்கா?"

குழந்தைவேல் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா தரையில் சுருண்டு கிடந்த உலோகச் சீவலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனிலும் ரன் ஓட்டலாம். குழந்தைவேல் போனை உயர்த்தினார்.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுங்களா, அம்மணி?"

"பாருங்க."

திருமூர்த்தி திரும்பிப் போய் லேத் மோட்டாரைப் போட்டார். பழைய வேலையே சுற்ற ஆரம்பித்தது.

குழந்தைவேலின் விரல் திரைக்கு மேலே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவருக்கே தெரியாதாம். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டார். லேத் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னார்.

"அறுபது. செவ்வாய்க்கிழமை. மாத்த மாட்டேனுங்க."

"மெயில் வருமா?"

"வராது."

திருமூர்த்தி மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

ஆபீஸுக்கு வந்ததும் ஷமீமா ஒன்றைக் காட்டிக் கொடுத்தார். ஓர் ஆர்டரைப் பூட்டி வைக்க சாஃப்ட்வேரில் வழி இருந்தது. பூட்டினால் எந்த ரன்னும் அதைத் தொடாது. மெயிலும் போகாது. குழந்தைவேல் அறுபது பேரிங் ஆர்டரைப் பூட்டினார்.

"இதைத் திறக்கறது எப்படிங்க?"

"அதே இடத்துல இன்னொரு தடவை அமுக்குனா திறந்துக்கும்."

"யாரு வேணா திறக்கலாமா?"

"நீங்க மட்டும்தான்."

வெள்ளிக்கிழமை அவர் நான்கு முறை அந்தப் பூட்டைப் போய்ப் பார்த்ததைச் சுகந்தி அக்கா எண்ணியிருக்கிறார். நடுவில் எழுந்து கேட் வரைக்கும் நடந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் தண்ணீர் குடித்தார். அன்று கையால் ஒரு ரன்கூட ஓட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி ரன் முடிந்ததும் பூட்டிய ஆர்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வரி வந்திருந்தது. தள்ளி வை. பம்ப் ஏற்றிப் போகும் லாரியை நகராட்சி தள்ளிப் போட்டிருந்தது. அந்த அறுபது பம்ப் இனி அடுத்த சனிக்கிழமைதான் லைனில் ஏறும். புதன்கிழமை வேறு மாடல். செவ்வாய்க்கிழமை பேரிங் வந்தால் சும்மா கிடக்கும்.

சிவப்பு வரிகளின் பட்டியல் திங்கட்கிழமை காலை மேலாளர் மேசைக்குப் போகும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் திட்டமிட்டவர் பெயர் இருக்கும். இன்னும் எட்டு நாள்.

குழந்தைவேல் பத்து மணி வரை பொறுத்தார்.

"அம்மணி, தேதி மாறிப் போச்சுங்க."

"பாத்தேன்."

"மாறுனது நெசம்தானுங்களே. அவர்கிட்ட அதை மறைக்கறது தப்பில்லீங்களா?"

"தப்புதான். சொல்லிடுங்க."

குழந்தைவேலின் கை மவுஸுக்குப் போனது.

"அதுல வேண்டாம்," என்றார் ஷமீமா. "நேர்ல போய், லேத் பக்கத்துல நின்னு சொல்லுங்க."

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார் என்று குழந்தைவேல் எதிர்பார்த்தார். ஷமீமா எழுந்திருக்கவில்லை. குழந்தைவேல் கேட்டுக்கு வெளியே போய் பஸ் ஏறினார். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தார். இரண்டிலும் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனதாக அவர் பிறகு சொன்னாராம்.

திரும்பி வரும்போது மணி மூன்று. சனிக்கிழமை அரை நாள் என்பதால் பிரிவில் ஆள் இல்லை. ஷமீமாவும் சுகந்தி அக்காவும் மட்டும் இருந்தார்கள்.

"சொன்னீங்களாண்ணா?"

"முப்பத்தி நாலு ஆயிருந்துச்சுங்க. வரிசையாப் பலகை மேல வெச்சிருந்தாரு. அவர் சம்சாரம் ஒவ்வொன்னா அளந்து பாத்துட்டிருந்தாங்க. அந்த இன்னொரு கம்பெனி வேலை பாதியில மூலையில கெடக்குது. சாக்கு போட்டு மூடி வெச்சிருக்காரு."

"நான் அதைக் கேக்கல."

குழந்தைவேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொன்னேனுங்க. லைன் சனிக்கிழமைக்குப் போயிருச்சுன்னு சொன்னேன். அவர் கையில இருந்ததைக் கீழ வெச்சுட்டாரு. அப்புறம், இருந்தாலும் செவ்வாய்க்கிழமையே குடுத்துருங்கன்னு சொன்னேன்."

"அவரு?"

"இதைச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வந்தீங்கன்னு கேட்டாரு."

"நீங்க?"

"திரும்பி பஸ் ஏறிட்டேனுங்க."

ஷமீமா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். குழந்தைவேலின் திரையில் சிவப்பு வரி அப்படியே இருந்தது.

"திங்கக்கிழமை இது சார்கிட்டப் போகுமுங்களே, அம்மணி. ஏன் தள்ளி வைக்கலைன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

ஷமீமா வாசலில் நின்றார்.

"அவரையும் ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

குழந்தைவேல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூட்டைத் தொடவில்லை.

சுகந்தி அக்கா இதோடு நிறுத்தவில்லை. திங்கட்கிழமை நகராட்சி மறுபடி மனசு மாறி லாரியைப் பழைய தேதிக்கே கொண்டுவந்துவிட்டது என்றும், பேரிங் வந்த மறுநாளே லைனில் ஏறியது என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வராத இடம் இதுதான்.

பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அறுபது பேரிங் ஸ்டோரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. லைனுக்குப் போனது சனிக்கிழமைதான். நான்கு நாள் அலமாரியில் இருந்திருக்கின்றன. லாரி தேதி மறுபடி மாறவே இல்லை. அந்த ஆர்டரிலும், அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அந்தப் பேரிங்குக்குப் போட்ட எல்லா ஆர்டரிலும், திட்டமிட்டவர் என்ற இடத்தில் பெ. குழந்தைவேல் என்றே இருக்கிறது.