தோளைப் பார்த்தவன்

சிலம்பம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் காந்திமதி முதலில் சொல்வது இதுதான்: "கம்பைப் பார்க்காதீங்க. தோளைப் பாருங்க. கம்பு பொய் சொல்லும், தோள் சொல்லாது."

தவசி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வாத்தியாரம்மா அவனைவிட வயதில் சின்னவள். ஆனால் அவள் சொன்னால் அவனுக்கு அதுதான் சட்டம். களத்தில் அவன் மேல் அடி விழுவது குறைந்தது. எதிராளி நினைக்கும்போதே இவன் தடுத்துவிடுவான்.

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. ஆள் வீட்டுக்குப் போயும் தோளைப் பார்க்க ஆரம்பித்தான். குழம்பு ஊற்ற மனைவி கரண்டியைத் தூக்கினால் இவன் தட்டோடு பின்னால் நகர்ந்தான். "அடிக்கவா போறேன்? சாம்பார்தான்" என்றாள் அவள். அவன் நம்பவில்லை.

கடையில் இன்னும் மோசம். தவசியும் தம்பி முனீசும் சேர்ந்து டயர் பஞ்சர் கடை வைத்திருந்தார்கள். முனீசுக்குத் தொழில் கற்றுக் கொடுத்ததே தவசிதான். இப்போது அந்தத் தம்பி ஸ்பேனரை எடுத்தாலும் பார்த்தான், போன் பேச வெளியே போனாலும் பார்த்தான்.

பைபாஸில் ஒருவன் புதிதாகப் பெரிய டயர் கடை போட்டிருந்தான். அவனோடு முனீஸ் டீ குடித்ததை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தான் தவசி. தம்பி சிரித்துச் சிரித்துப் பேசினான். தோள் மட்டும் சிரிக்கவில்லை.

போதாதா?

மறுநாள் காலை, சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருந்த களத்துக்குத் தவசி எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான்.

"வாத்தியாரம்மா, நீங்க சொல்லிக் கொடுத்தது கடையிலயும் வேலை செய்யுது."

"சந்தோஷம்ணே."

"என் தம்பி என் முதுகுல குத்தப் போறான். குத்துறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன். இன்னைக்கு அவனைக் கடையை விட்டு அனுப்பப் போறேன்."

"என்ன பண்ணாரு?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல. தோள் சொல்லுது."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிடுவான்ல?"

காந்திமதி தண்ணீரில் குழைத்து வைத்திருந்த கரிப்பொடியில் கம்பு நுனியைத் தோய்த்தாள். போட்டி ஆட்டத்தில் அப்படித்தான் செய்வார்கள். பட்ட இடத்தில் கறுப்பு ஒட்டும், பிறகு படவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

"கம்பை எடுங்கண்ணே."

தவசி எடுத்தான். ஆட்டத்துக்கு முன்னால் சலாம் வைக்க வேண்டும். குனிந்து மண்ணைத் தொட்டு, நெற்றியில் வைத்து, எதிராளியைப் பார்த்துக் கும்பிட வேண்டும். ரெண்டு பேரும் அதை முடிக்கும்வரை யாரும் கம்பை ஓங்கக் கூடாது. குடித்துவிட்டு வந்து ஆடுகிற ரவுடிகூட அதை மீறமாட்டான்.

தவசி மண்ணைத் தொடக் குனிந்தான்.

கழுத்தில் சுளீர் என்று விழுந்தது.

"என்னம்மா இது! சலாமே முடியல!"

"உங்க தோள் அசைஞ்சுது."

"குனிஞ்சா அசையாதா?"

"மண்ணை அள்ளி என் கண்ணுல போடுவீங்கன்னு நினைச்சேன்."

"நானா? உங்க கண்ணுலயா? எத்தனை வருஷமா உங்ககிட்ட வர்றேன்!"

"அதனாலதான். கூடவே இருக்கிறவங்கதானே செய்வாங்க?"

தவசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளை ஒரு மாதிரி பார்த்தான். "முனீஸ் வந்து உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"நானும் சேர்ந்துட்டேனா? சரிதான்" என்று சிரித்தாள் காந்திமதி. "உங்க தம்பி சலாம் வச்சாரா?"

"அவன் எங்கம்மா கம்பு ஆடுறான்?"

"அதையேதான் நானும் கேக்குறேன். ஆடாதவர் தோளை எதுக்குப் பார்க்கிறீங்க?"

அப்போது பைக் சத்தம் கேட்டது. முனீசேதான். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றான்.

"அண்ணே, லாரி ஒண்ணு வந்து நிக்குது. பின் டயர். நீ என்ன போனையே எடுக்க மாட்டேங்கிறே?" பிறகு அண்ணன் கழுத்தைப் பார்த்தான். "என்னண்ணே, திருஷ்டிப் பொட்டா? எடுப்பாத்தான் இருக்கு."

தவசி சிரிக்கவில்லை. தோளைப் பார்க்கத்தான் கண் போனது. கழுத்து எரிந்தது. கஷ்டப்பட்டுக் கண்ணைத் தம்பியின் முகத்துக்குக் கொண்டுவந்தான்.

"பைபாஸ்காரன் உன்கிட்ட என்னடா பேசினான்?"

முனீஸ் வண்டியை அணைத்தான்.

"அவன் கடைக்கு வரச் சொல்றான்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"யோசிச்சு!" தவசி கம்பை மண்ணில் ஊன்றினான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"எங்க சொல்றது? திருடனைப் பார்க்கிற மாதிரியே பார்த்துட்டிருக்கே. ஸ்பேனர் எடுத்தா பார்க்கிறே, தண்ணி குடிச்சா பார்க்கிறே. இப்படி ஒரு இடத்துல எத்தனை நாள் இருக்கிறதுன்னுதான், அவன் கூப்பிட்டப்போ உடனே மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

தவசி காந்திமதி பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அழுகையும் இருந்தது, ஜெயித்த களையும் இருந்தது.

"பாத்தீங்களா வாத்தியாரம்மா? நான் கண்டுபிடிச்சது சரியா இல்லையா?"

"சரிதாண்ணே. அவர் கம்பைத் தூக்கிட்டார்தான்."

கரி ஒட்டிய நுனியை அவள் துணியால் துடைத்தாள்.

"முதல்ல தூக்கினது யாரு?"

தவசி கம்பைக் கீழே வைத்தான். முனீஸ் வண்டியைக் கிளப்பி, பின்னால் அண்ணனுக்கு இடம் விட்டு, சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.