வடதுறையில் வந்த மூட்டைகள்

முள்ளிக்காட்டில் அந்த ஆண்டு விளைச்சல் பாதிக்குப் பாதி குறைந்தது. அங்கே விலங்குகள் தினை விதைத்துப் பிழைத்தன. அடுத்த மழைக்கான பொது விதை ஒரு பாறைக்குழியில் கல்மூடியிட்டு வைக்கப்பட்டிருந்தது.

தலைவரான யானை கரியப்பர் ஒரு வழி சொன்னார். ஆற்றுக்கு அப்பால் மலைக்காட்டில் விதை அதிகம். அங்கிருந்து மூட்டை கொண்டுவந்து இங்கே விதைப்பவர்களுக்கு ஓடைக்கரை ஈரநிலம் கிடைக்கும். மூன்று அறுவடைக்கு அவர்கள் காட்டுக்குப் பங்கு தர வேண்டாம்.

வரும் மூட்டைகளை எண்ணும் வேலை செவ்வந்தி என்ற கீரிக்கு. வடக்கே இருந்த ஆற்றுத்துறையில் மருதமர நிழலில் உட்கார்ந்து, மூட்டைக்கு ஒரு கூழாங்கல் பள்ளத்தில் போடுவாள். அவளுக்குக் கூச்சம் அதிகம். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், மூட்டைகளைத்தான் பார்ப்பாள்.

கூழாங்கல் மளமளவென்று குவிந்தது. கரியப்பருக்குத் தலைகால் புரியவில்லை. நூறாவது கல் விழும் நாளில் பொதுக்குழியைத் திறந்து எல்லோரும் வயிறாரச் சாப்பிடலாம், விதைக்குத்தான் வெளியிலிருந்து வந்துவிட்டதே என்று அறிவித்தார். பசியில் கிடந்த காடு நாள் எண்ணத் தொடங்கியது.

எண்பத்திரண்டாவது மூட்டையைச் செங்கோடன் நரி சுமந்துவந்தான். மலைக்காட்டுக் கூட்டாளியின் சார்பில் கொண்டுவருவதாகச் சொன்னான். தேக்கிலையில் கட்டிய மூட்டை ஓரத்தில் பிரிந்து, காய்ந்த வேப்பிலை ஒன்று விழுந்தது.

விதையில் வேப்பிலை கலந்து வைப்பது முள்ளிக்காட்டு வழக்கம். மலைக்காட்டில் வேப்பமரமே இல்லை. செவ்வந்தி மெல்ல விசாரித்தாள்.

“கல்லு போடுற வேலைக்கு மூக்கு எதுக்கு தாயி?” என்று சிரித்துவிட்டுப் போனான் நரி.

மறுநாள் அவள் மருதமரத்தடியில் உட்காரவில்லை. வடதுறையும் தென்துறையும் சேர்ந்து தெரியும் உச்சிப்பாறையில் ஏறிக்கொண்டாள். தென்துறையை இதுவரை யாரும் கவனித்ததில்லை. போகிறவன் போகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

வந்த மூட்டைகளை விதைக்கும்வரை வைத்திருந்த ஓடைக்கரைக் கொட்டகையிலிருந்து, காலையில் நரிக்கூட்டம் தென்துறை வழியாக மூட்டை தூக்கிப் போனது. அக்கரையில் தேக்கிலை சுற்றியது. பிற்பகலில் வடதுறை வழியாக உள்ளே வந்தது. அதே மூட்டைகள் இரண்டு நாள் கழித்து மறுபடியும் கிளம்பின. ஒவ்வொரு சுற்றுக்கும் ஈரநிலத்தில் ஒரு துண்டு நரிகளுக்குச் சேர்ந்தது.

செவ்வந்தி இரண்டாவது பள்ளம் தோண்டினாள். ஆறு நாளில் உள்ளே வந்தவை பதினெட்டு. வெளியே போனவை பதினாறு.

நூறாவது கல் விழுந்த அன்று காடே பாறைக்குழியைச் சுற்றி நின்றது. செவ்வந்தி முன்னால் வந்தாள். கூச்சத்தை விட்டுக் கண்டதை முழுவதும் சொன்னாள்.

செங்கோடன் பதறவில்லை. “உள்ளூரோ வெளியூரோ, விதை விதைதானே? நாங்க யாரோடதையும் திருடலியே.”

“திருடலைதான். ஆனா ஒரே மூட்டை நாலு தடவை வந்தா நாலு மூட்டையாயிடாது. இல்லாத விதையை நம்பி இருக்கிற விதையைத் தின்னப்போறோம்.”

முள்ளம்பன்றி எரிச்சலோடு கத்தியது. பிள்ளைகள் பசியில் துடிக்கும்போது இவள் கணக்குப் பேச வந்துவிட்டாளாம். இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். கரியப்பர் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு கல்மூடியை நோக்கி நடந்தார்.

செவ்வந்தி பாய்ந்து அந்த மூடியின் மேல் உட்கார்ந்தாள்.

“தலைவரே, ஓடைக்கரைக் கொட்டகையில எத்தனை மூட்டை இருக்குன்னு நீங்களே போய் எண்ணிட்டு வாங்க. நூறு இருந்தா என்னையும் சேர்த்துத் தூக்கி எறிஞ்சிடுங்க.”

கரியப்பர் தும்பிக்கையை இறக்கினார். பிறகு கொட்டகைக்குப் போனார். அவர் திரும்பும்வரை அவள் அசையவில்லை.

“இருபத்தொன்று” என்றார் வந்து.

குழி திறக்கப்படவில்லை. நரிகள் ஈரநிலத்தைத் திருப்பிக் கொடுத்தன. அந்தக் கோடை முழுவதும் காடு கிழங்கு தோண்டித் தின்றது. முள்ளம்பன்றி பல நாள் செவ்வந்தியோடு பேசவில்லை. மழை வந்தபோது பொதுக்குழியில் இருந்த விதை அப்படியே வயலுக்குப் போனது. முள்ளிக்காட்டில் மறுபடியும் தினை விளைந்தது.

உள்ளே வருவதை மட்டும் எண்ணி, வெளியே போவதை எண்ணாத நாடு, தன் பொருளையே பிறர் தந்த செல்வமென்று நம்பி ஏமாறும்.