உவரி வண்டியும் பனிக்கால பூட்ஸும்

ஹாரன் சத்தம்தான் முதலில் வந்தது. இரண்டு சின்ன அடி, ஒரு நீள இழுப்பு. வண்டி இன்னும் வளைவைத் தாண்டவில்லை. திசையன்விளை மினி பஸ் என்று சுயம்புலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் அங்கேயே நின்று, வந்த நேரத்தைப் போனில் குறித்திருப்பார். இன்று நிற்கவில்லை. கையில் அல்வாப் பொட்டலம். என்ன விசேஷம் அண்ணாச்சி என்று கேட்ட சோடாக்கடை அருளப்பனுக்குக்கூடப் பதில் சொல்லாமல் மாடிப்படி ஏறினார்.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த மாடியறையில் ஜெபக்கனி இணையதளம் அமைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர். அவர் பெட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், உவரி வண்டி போயிட்டா என்று நாள் முழுக்கக் கேட்டுத் துளைப்பார்கள். அந்த பஸ் நேரங்களையே இணையத்தில் ஒரு பக்கமாகப் போடுங்கள் என்று வழிகாட்டியவள் அவள்தான். இப்போது அவர் பக்கத்தைப் பார்க்காமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. தினமும் விடிந்ததும் டிரைவர்களுக்குப் போன் போட்டு, எது ஓடுகிறது, எது ஒர்க்ஷாப்பில் நிற்கிறது என்று கேட்டுத்தான் நேரத்தைப் போடுவார். பக்கத்தின் அடியில் வரும் விளம்பரம் இணையதளச் செலவைப் பார்த்துக்கொண்டது. அதை அனுப்பியது கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் தொடங்கிய ஒரு கம்பெனி.

அந்தக் கம்பெனியை இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது.

"நம்மள வாங்கிட்டாங்க டீச்சர்" என்று பொட்டலத்தை நீட்டினார்.

"நம்மளன்னா யாரை?"

"கம்பெனியத்தான். ஆனா என் பேருக்கே மெயில் வந்திருக்குல்லா. நீங்களும் எங்க குடும்பம்னு போட்டிருக்கான்."

"அப்போ பொண்ணு பாக்க வருவாங்க. வீட்டுக்கு வெள்ளை அடிச்சு வைங்க."

அவரும் சிரித்தார். பிறகு மூச்சுவிடாமல் சொன்னார். பனி கொட்டுகிற தேசத்துக் கம்பெனியாம். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கோடு, நாலைந்து வரி, அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பக்கத்தின் உச்சியில் ஒட்ட வேண்டுமாம், ஒட்டாதவர்களுக்கு விளம்பரம் நின்றுவிடுமாம். இவர் நேற்றே ஒட்டிவிட்டார். காலையில் இருந்து திருப்பூரில் மச்சான், பம்பாயில் சித்தப்பா மகன் என்று ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லியும் முடித்துவிட்டார். பெட்டிக்கடையில் பிறந்த சமாச்சாரம் கடல் தாண்டிவிட்டதாம்.

ஜெபக்கனி ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டாள். விரலைத் துடைத்துவிட்டு, மூலை உடைந்த தன் பழைய போனை அவரிடம் கொடுத்தாள். கீழே தன் அத்தை உவரிக்குப் போக நிற்கிறாள், டீ குடிக்க நேரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

"அதுக்கெதுக்குப் போனு? நானே சொல்லுதேன்."

"வாயால வேண்டாம் அண்ணாச்சி. பக்கத்தைப் பாத்துச் சொல்லுங்க."

பக்கம் திறந்தது. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் பூட்ஸ் இருந்தது. உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ், பாதி பனியில் புதைந்து. மூலையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே வந்தது. சுயம்புலிங்கத்தின் நெற்றி வியர்வை போன் கண்ணாடியில் சொட்டியது. எண் தீர்ந்ததும் வேறொரு பூட்ஸ் வந்தது. மூடுகிற குறியைத் தேடி அழுத்தினார். விரல் பூட்ஸின்மேல் பட்டு, தெரியாத பாஷையில் ஏதோ ஒரு கடை திறந்தது. திரும்பி வந்தார். மறுபடியும் முதல் பூட்ஸ்.

கீழே ஒரு ஹாரன். விடாமல் ஒரே இழுப்பு. அவருக்கு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உவரி வண்டி.

பூட்ஸ் விலகியபோது உவரி வண்டி பதினொன்றேகால் என்று தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுகூட ஆகவில்லை. ஜன்னலுக்குப் போனார். அத்தை டீ கிளாசும் கையுமாக வண்டி போன புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது நேற்றைய நேரம். இன்று அவர் ஒரு டிரைவருக்கும் போன் போடவில்லை.

"அத்தை அடுத்த வண்டியில போவாங்க" என்றாள் ஜெபக்கனி. அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளே கேட்டாள். "அவங்க எதை வாங்கினாங்க அண்ணாச்சி?"

"கம்பெனிய."

"அந்தக் கம்பெனிகிட்ட என்ன இருந்துச்சு?"

அவர் யோசித்தார். கட்டடம் வாடகைக் கட்டடம். பையன்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி. "என்னை மாதிரி ஆளுங்க பக்கத்துல கொஞ்சங்கொஞ்சம் இடம். அவ்வளவுதான்."

"உங்க பக்கத்துல உச்சிய எடுத்துக்கிட்டாங்களே, கேட்டாங்களா?"

"கேக்கல. சொன்னாங்க."

கீழே அருளப்பன் அத்தைக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காசு தருகிறேன், உங்கள் இணையப் பக்கத்தில் என் கடைப் பெயரைப் போடுங்கள் என்று முன்பு சுயம்புலிங்கத்திடம் வந்தவன் அவன். கம்பெனி விளம்பரம் வருகிற இடத்தில் உன் கலர் பாட்டிலா என்று இவர்தான் திருப்பி அனுப்பினார்.

"ஒட்டுன கோட எடுத்துட்டா பக்கத்த எத வச்சு டீச்சர் ஓட்டுவேன்? கடல் தாண்டுன கம்பெனிய விட்டுட்டு, சோடாக்கடை வாசல்லயா போய் நிப்பேன்?"

ஜெபக்கனி பொட்டலத்தை மடித்து நூலைச் சுற்றினாள்.

"அருளப்பன் கேட்டாரு. நீங்க வேண்டாம்னீங்க. போயிட்டாரு."

சுயம்புலிங்கம் அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பக்கத்தின் உச்சியில் ஒட்டியதை அழித்தார். பூட்ஸ் போன இடத்தில் உவரி வண்டியின் நேரம் மேலே ஏறி வந்து நின்றது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அடுத்த உவரி வண்டி டிரைவருக்குப் போன் போட்டுக் காதில் வைத்தார்.

"தம்பி, சுயம்புலிங்கம் பேசுதேன். வண்டி இப்ப எங்க வருது?"