அறுநூற்று நாற்பது முட்டுகள்

ஓசூரில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் எதிரே நிற்கிற லாரிகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு விடியலில், பாதி எழும்பிய வணிக வளாகம் ஒன்று தரையைத் தொடாமல் மிதந்துகொண்டிருந்தது. அதன் மூன்றாம் மாடியில் வைத்தீஸ்வரன் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கட்டடத்தின் வரைபடம் அவர் போட்டது. இருபத்தேழு வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு போட்ட மனுஷர். தான் காகிதத்தில் இழுத்த கோடுகளுக்குள் தானே நடந்து போவது அவருக்கு இன்னும் கனவு மாதிரிதான் இருந்தது. தூண் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக, சில்லென்று இருக்கும். சரி, நிஜம்தான் என்று அடுத்த தூணுக்குப் போவார்.

கம்பெனி வரைபடப் பிரிவை மூடிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதுக்காரரை என்ன செய்வது? கிருஷ்ணகிரியில் தொடங்கவிருந்த கட்டடத்துக்கு ஒரு சைட் சூப்பரிண்டெண்ட் தேவைப்பட்டது. "ஓசூர்ல ஜெபக்கனிகிட்ட மூணு மாசம் இருங்க. அவங்க சரின்னு சொன்னா கிருஷ்ணகிரி உங்களுக்கு. இல்லேன்னா பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' வீட்டுக்கு அனுப்புகிற 'பார்க்கலாம்' என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஜெபக்கனி ஓசூர் சைட்டின் சூப்பரிண்டெண்ட். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். நாற்பது வயது. சிஷ்யரைவிடக் குரு பன்னிரண்டு வயது இளையவர். சைட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு வந்திருக்கிறது என்று, தளத்துக்குப் பலகையும் முட்டும் கொடுக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி நஞ்சுண்டன் அவர் காதுபடவே சொன்னார். வைத்தீஸ்வரன் கோபப்படவில்லை. சொன்னது உண்மைதானே. வலித்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு வெள்ளை ஹெல்மெட் வந்தது. பிறகு ஜெபக்கனி வந்தார்.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க சார்."

"கம்பி கட்டுறவர் கம்பி கட்டுறார். கொத்தனார் சுவர் வைக்கிறார். லிஃப்ட்காரங்க லிஃப்ட் மாட்டுறாங்க. இந்தக் கட்டடத்துல நீங்க செஞ்சது எது?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலை போகிற நேரத்தில் வாய் நீளுகிறதே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

ஜெபக்கனி முகம் மாறவில்லை. எங்கோ கீழே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"வியாழக்கிழமை நாலாம் மாடித் தளம் போடுதோம். செக்லிஸ்ட்ல நீங்க கையெழுத்துப் போடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"நான் கேட்டதுக்கு..."

"வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி மறுபடி பனிக்குள் போய்விட்டார்.

இதுதான் பரீட்சை என்று வைத்தீஸ்வரனுக்குப் புரிந்தது. தாளில் முப்பத்திரண்டு வரிகள். மூன்று நாள் சாப்பாட்டைக்கூட மறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே டேப் வைத்து அளந்தார். இரண்டு இடத்தில் இடைவெளி கூடியிருந்தது. பிரித்துக் கட்டச் சொன்னார். கம்பி கட்டுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

கடைசி வரி முட்டுகள். ஈரக் கான்கிரீட் இறுகுகிறவரைக்கும் முழுத் தளத்தையும் தாங்கி நிற்பவை கீழே இருக்கும் இரும்பு முட்டுகள்தான். கம்பியால் தட்டினால் இறுக்கமான முட்டு கணீரென்று சொல்லும். தளர்ந்தது தொண்டை கட்டியதுபோல் சொல்லும். மொத்தம் அறுநூற்று நாற்பது முட்டுகள்.

புதன் சாயங்காலம் அவருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. நஞ்சுண்டன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"முட்டெல்லாம் எப்படி, மேஸ்திரி?"

"எல்லாம் டைட்டு சார். ஒண்ணு விடாம தட்டிட்டேன்."

இருபது வருஷம் முட்டு கொடுத்த கை. அந்தக் கை பொய் சொல்லுமா? வைத்தீஸ்வரன் கடைசி வரிக்கும் டிக் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

வியாழன் காலை ஆறரை மணிக்குக் கான்கிரீட் லாரிகள் வரிசை கட்டின. பனியில் லாரிகள் தெரியவில்லை. மஞ்சள் விளக்குகள் மட்டும் தெரிந்தன. கான்கிரீட்டை மேலே தள்ளுகிற பம்பின் நீளக் குழாய் மேலே ஏறி வெள்ளைக்குள் மறைந்துபோனது. தளத்தின்மேல் முப்பது பேர் ரப்பர் பூட்ஸோடு நின்றார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை, குரல் மட்டும் இருந்தது.

ஜெபக்கனி ஒரு விசிலை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க ஊதினா பம்ப் ஓடும்."

பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் டீ பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க மேடம் போறீங்க?"

"கீழ. தளத்துக்கு அடியில ஒரு ஆள் உக்காரணும்லா? சிமெண்ட் பால் ஒழுகுதா, முட்டு அசையுதான்னு பாக்க."

"அதுக்கு சென்ட்ரிங் ஆளு இருக்காரே!"

"இன்னைக்கு நான் உக்காருதேன்."

தண்ணீர்க் குழாய்க்காகத் தளத்தில் விட்டிருந்த ஓட்டை வழியாக வைத்தீஸ்வரன் எட்டிப் பார்த்தார். நேர் கீழே நாற்காலி. அதில் அந்த வெள்ளை ஹெல்மெட். ஜெபக்கனி மூடியில் டீயை ஊற்றி, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

பம்ப் டிரைவர் கையைத் தூக்கினார். வைத்தீஸ்வரன் விசிலை வாயில் வைத்தார்.

ஊத முடியவில்லை.

அந்த வெள்ளைப் பனியில் அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை, தான் அடித்த அந்தக் கடைசி டிக் மட்டும் தெரிந்தது. சின்னக் கோடு. வாழ்நாளெல்லாம் அவர் இழுத்த லட்சக்கணக்கான கோடுகளில் ஒன்று. இத்தனை கான்கிரீட்டும் முப்பது பேரும் அதன்மேல்தான் ஏறப்போகிறார்கள். அடியில் ஒருவர் டீ குடிக்கிறார்.

"சார், ஊதுங்க!" என்று ஒரு குரல் வந்தது.

"நிறுத்துங்க. எல்லாரும் தளத்தைவிட்டு இறங்குங்க."

ஒரு துண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். நஞ்சுண்டன் படியிலேயே மறித்தார்.

"என்ன சார் இது? நான்தான் தட்டிட்டேன்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னீங்க மேஸ்திரி. நான் தட்டலையே."

கீழே அரையிருட்டு. முட்டுகள் சவுக்குத் தோப்பு மாதிரி வரிசை வரிசையாக நின்றன. பனி அங்கேயும் நுழைந்து மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தது. வைத்தீஸ்வரன் முதல் முட்டைத் தட்டினார். கணீர். இரண்டாவது. கணீர். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் தட்டுவது யார், கேட்பது யார் என்றே தெரியாமல் போனது. நாற்காலிக்குப் பக்கத்து முட்டைத் தட்ட வந்தபோது ஜெபக்கனி காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டார்.

ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அறுநூற்று நாற்பதும் கணீரென்றன. நானூறைத் தாண்டியதும், ஒன்றாவது தளர்ந்திருக்கக்கூடாதா என்று மனசு ஏங்கியது. ஏங்கியதற்கு அவரே வெட்கப்பட்டார்.

அதற்குள் முதல் லாரியில் இருந்த கான்கிரீட் கெட்டியாகத் தொடங்கிவிட்டது. அதைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் அவர்தான். லாரி டிரைவர் அவருக்கு விளங்காத தெலுங்கில் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

நஞ்சுண்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிருங்க மேஸ்திரி. உங்க வேலையில ஒரு குறை இல்ல."

நஞ்சுண்டன் சாக்பீஸ் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைப் பிரித்து, "எங்க ஆளுங்களை மேல ஏறச் சொல்றேன் சார்" என்றார்.

வைத்தீஸ்வரன் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். பேன்ட் முழுக்கச் சாக்பீஸ் தூள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். வீணா ஒரு லாரியைக் கெடுத்துட்டேன். கிருஷ்ணகிரி எனக்கு இல்லேன்னு புரியுது."

"திங்கக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போயிருங்க சார். இப்ப மேல போயி ஊதுங்க. அடுத்த லாரி நிக்கி."

அவருக்குக் கண் கலங்கியது. படிவரைக்கும் போனார். அங்கே ஏதோ உறுத்தியது. திரும்பினார்.

"மேடம், எல்லாம் சரியா இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே? விடியற்காலையிலயே நீங்க தட்டிப் பாத்துட்டுத்தானே உக்காந்தீங்க?"

"இல்லியே."

"ஒண்ணுகூடவா தட்டல?"

ஜெபக்கனி பிளாஸ்க்கை மூடினார்.

"நீங்கதான் கையெழுத்துப் போட்டிருந்தீயளே சார்."